ஏ.ஸி. அழுகிறதா? அசட்டையாக இருந்துவிடாதீர்கள்!

ராத்திரி இரண்டு மணி. நல்ல தூக்கம். காலில் ஜில்லென்று ஏதோ படுகிறது. 'மழையா?' என்று ஜன்னலைப் பார்த்தால் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சுவரில் மாட்டியிருக்கிற ஏ.ஸி.யிலிருந்து சொட்... சொட்... சொட்...

உடனே என்ன செய்கிறோம்? ஒரு பக்கெட்டைக் கீழே வைக்கிறோம். கட்டிலைக் கொஞ்சம் நகர்த்திப் போடுகிறோம். 'காலையில பார்த்துக்கலாம்' என்று மறுபடி படுத்துவிடுகிறோம். அந்தக் 'காலை' மட்டும் வருவதே இல்லை! பக்கெட் அங்கேயே பத்து நாள் குடியிருக்கிறது. சுவரில் பெயிண்ட் உப்புகிறது. அப்புறம் மூலையில் பச்சையும் கறுப்புமாகப் புள்ளிகள். அதற்கும் அப்புறம் வீட்டில் சின்னதுக்கு ராத்திரியானால் இருமல்.

அந்த இருமலுக்கும் இந்தச் சொட்டுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று நமக்கு உறைப்பதற்குள் இரண்டு பாட்டில் சிரப் காலியாகியிருக்கும்.

ஏ.ஸி. ஒழுகுவது மெக்கானிக் சமாசாரம்தானே, ஆரோக்கியப் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நிறைய இருக்கிறது. தேங்கிய ஈரம் நுரையீரல், எலும்பு, கொசு, கரண்ட் என்று நாலு பக்கமும் கை நீட்டுகிற ஆசாமி. ஒரு ஆறுதல்: இந்தச் சொட்டு எதனால் என்று பெரும்பாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பாதி வீடுகளில் நீங்களே சரிசெய்துவிடவும் முடியும். எங்கே சொட்டுகிறது, எப்போது சொட்டுகிறது... இந்த இரண்டையும் கவனித்தால் போதும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஏ.ஸி.க்குள் தண்ணீர்த் தொட்டி எதுவும் கிடையாது. வருவது உங்கள் அறைக் காற்றில் இருந்த தண்ணீர்!

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை மேஜைமேல் வைத்தால் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கிறதல்லவா? அதே கதைதான். ஏ.ஸி.க்கு உள்ளே இருக்கும் கூலிங் காயில் ஐஸ் வாட்டர் மாதிரி சில்லென்று இருக்கும். அறைக் காற்று அதன்மேல் படும்போது காற்றில் ஆவியாக இருந்த ஈரம் தண்ணீராகிக் காயிலில் வழியும். கீழே ஒரு ட்ரே அதைப் பிடித்துக்கொள்ளும். ட்ரேயிலிருந்து டிரெயின் பைப் வழியாக வெளியே போய்விடும். நடுவில் மோட்டார் எதுவும் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடுகிற தண்ணீர்தான்.

எவ்வளவு தண்ணீர் என்கிறீர்களா? 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம். வெளியே 32 டிகிரி வெயில், ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், அந்த அறைக் காற்றில் மட்டும் சுமார் 800 கிராம் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிறது. அறையை 24 டிகிரிக்குக் கொண்டுவரும்போது அதில் ஏறக்குறையப் பாதி காயிலில் இறங்கிவிடும். அதோடு முடிந்ததா? கதவு திறக்கும்போதெல்லாம் புதுக் காற்று வருகிறது. படுத்திருப்பவர்கள் மூச்சு விடுகிறார்கள், வியர்க்கிறார்கள். ஒரு ராத்திரியில் பக்கெட் நிறைவதில் ஆச்சரியமே இல்லை. சென்னை, கடலூர், தூத்துக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

இன்னொரு சுவையான விஷயம். ஏ.ஸி. பிறந்ததே மனிதர்களைக் குளிர்விக்க அல்ல! 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் காகிதம் உப்பிச் சுருங்கியதால், கலர் மேல் கலர் சரியாக உட்காராமல் தவித்தார்கள். அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இன்ஜினீயர் வடிவமைத்த இயந்திரம்தான் இன்றைய ஏ.ஸி.யின் முன்னோடி. ஆக, தண்ணீரைப் பிழிந்தெடுப்பதுதான் இதன் ஆதித் தொழில். வெளிப்பக்கக் குழாயில் தண்ணீர் கொட்டினால் சந்தோஷப்படுங்கள், உங்கள் ஏ.ஸி. ஒழுங்காக உழைக்கிறது. வீட்டுக்குள் கொட்டினால்தான் கவலை.

முதலில் செய்ய வேண்டியது

கீழே ஸ்விட்ச் போர்டு, ஸ்டெபிலைசர், பிளக் பாயிண்ட் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் அதன்மேல் வழிந்தால் ஈரக் கையோடு அந்த ஸ்விட்சைத் தொடவே கூடாது. நேராக மெயின் போர்டுக்குப் போங்கள். ஏ.ஸி.க்குரிய எம்.சி.பி.யை இறக்குங்கள். காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். முழுக்கக் காய்ந்து, எலெக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் மறுபடி போடவேண்டும்.

மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று இந்தச் சாக்கில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் மனித உடம்பு வழியாகக் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டிக்கும் உயிர் காப்பான் அது. எம்.சி.பி. அந்த வேலையைச் செய்யாது. அது ஒயரைக் காப்பாற்றும், உங்களை அல்ல.

அடுத்தது தரை. டைல்ஸ், மொசைக், கிரானைட் தரையில் நாலு சொட்டுத் தண்ணீர் கண்ணுக்கே தெரியாது. ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்கும் மாமனாருக்கோ பாட்டிக்கோ அந்த நாலு சொட்டு போதும், வழுக்கி விழ. வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை என்று நீளும். ஒரு மிதியடியைப் போட்டு மூடாமல், துடைத்துக் காயவிடுங்கள். பழைய துணியைத் தரையில் விரித்துவைப்பதும் வேண்டாம். அதுவே காலை வாரும்.

துப்பறியும் வேலை: எங்கே? எப்போது?

இப்போது நீங்கள்தான் டிடெக்டிவ். ஏ.ஸி.யை ஒரு மணி நேரம் ஓடவிட்டு வெளிப்பக்கக் குழாயைப் பாருங்கள். (பால்கனி சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்கும் சாகசம் வேண்டாம். கீழே போய் அண்ணாந்து பார்த்தாலே தெரியும்.)

வெளியே ஒரு சொட்டும் இல்லை, உள்ளே சொட்டுகிறது: அடைப்பு! பத்துக்கு ஏழு முறை குற்றவாளி இவர்தான் என்பார்கள் மெக்கானிக்குகள். தூசியும் ஈரமும் சேர்ந்து வழவழவென்று பாசி மாதிரி பிடித்திருக்கும். குழாய் முனையில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். பல்லிக் குட்டி போய் மாட்டியிருப்பதும் உண்டு.

முனையில் தெரியும் அழுக்கைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுங்கள். தண்ணீரை உறிஞ்சக்கூடிய வாக்யூம் கிளீனர் வீட்டில் இருந்தால், ஏ.ஸி.யை நிறுத்திவிட்டு, அதன் வாயைக் குழாய் முனையில் வைத்துச் சுற்றிலும் துணியால் இறுக்கிப் பிடித்து, இரண்டு நிமிஷம் உறிஞ்ச விடுங்கள். அழுக்குக் கட்டி வந்து விழும். வெளியிலிருந்து உள்ளே ஊதுவது தப்பு. அழுக்கெல்லாம் ட்ரேக்குத் திரும்பி, தண்ணீர் எலெக்ட்ரிக் பாகங்களில் தெறிக்கும். வாயால் ஊதவோ உறிஞ்சவோ கனவிலும் நினைக்காதீர்கள். கொதிக்கிற தண்ணீர், ஆஸிட் ஊற்றுவதும் கூடாது. பைப்பும் ட்ரேயும் பிளாஸ்டிக் சார், தாங்காது.

வெளியேயும் வருகிறது, உள்ளேயும் சொட்டுகிறது: வழி பாதி அடைத்திருக்கலாம். அல்லது ஏ.ஸி. கோணலாக மாட்டியிருக்கலாம். டிரெயின் பைப் இருக்கும் பக்கம் மேலே தூக்கியிருந்தால் தண்ணீர் எதிர்ப் பக்கம்தானே வழியும்? கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை யூனிட் மேல் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பழைய ஏ.ஸி. என்றால் ட்ரேயில் விரிசலும் இருக்கலாம்.

பக்கெட்டுக்குள் குழாய்: வெளியே வழிகிற தண்ணீரைப் பிடிக்கக் குழாயின் முனையைப் பக்கெட்டின் அடிவரை இறக்கி வைத்திருக்கிறீர்களா? பக்கெட் நிறைந்ததும் முனை முழுகிவிடும். காற்று போக இடமில்லாமல் தண்ணீர் இறங்கத் தடுமாறும். முனை எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். குழாய் நடுவில் தொங்கி, மாலை மாதிரி வளைந்திருந்தாலும் இதே தொல்லைதான்.

குளிர்ச்சி குறைந்துவிட்டது, நிறுத்தின பிறகு 'சரசர'வென்று கொட்டுகிறது: காயிலில் ஐஸ் கட்டியிருக்கிறது! போதிய காற்று கிடைக்காவிட்டால் காயில் அதிகமாகக் குளிர்ந்து தண்ணீர் ஐஸாகிவிடும். ஏ.ஸி.யை நிறுத்தினதும் அத்தனை ஐஸும் உருகி, ட்ரே தாங்காமல் வழியும். கூலிங்கை நிறுத்தி, 'ஃபேன்' மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிடுங்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவரால் ஐஸைக் குத்தினால் காயில் ஓட்டையாகி, செலவு நாலு மடங்காகும். உருகினதும் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஜமுக்காளம் மாதிரி தூசி படிந்திருந்தால் விஷயம் முடிந்தது. கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள்.

காற்றோடு பன்னீர் தெளிக்கிற மாதிரி துளிகள்: ப்ளோயரில் அழுக்கு, அல்லது அறையில் ஈரம் மிக அதிகம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏ.ஸி. போட்டால் காற்று வரும் இடத்தில் இருக்கும் தகடுகளே வியர்த்துச் சொட்டும். கதவைச் சாத்துங்கள், ஃபேன் வேகத்தைக் கூட்டுங்கள். அடங்குகிறதா பாருங்கள்.

ஏ.ஸி.யில் இல்லை, பக்கத்துச் சுவரில் ஈரம்: காப்பர் பைப் மேல் சுற்றியிருக்கும் கறுப்பு நிற ஃபோம் உறை கிழிந்திருக்கும். சில்லென்ற பைப் வெறுமனே காற்றில் பட்டால் அதுவும் வியர்க்கும்.

மழை பெய்தால் மட்டும் வருகிறது: ஏ.ஸி.யை விடுங்கள், பாவம்! பைப் போகும் சுவர் ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் வருகிறது. அந்த ஓட்டை வெளிப்பக்கம் சரிந்து இருக்கவேண்டும், சுற்றிலும் அடைத்திருக்கவேண்டும். ஐப்பசி அடைமழைக்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

போன வாரம்தான் சர்வீஸ் செய்தது, இன்று சொட்டுகிறது: அநேகமாக ட்ரேயைச் சரியாக உட்கார வைக்கவில்லை, அல்லது கிளப்பிவிட்ட அழுக்கு வழியில் போய் மாட்டிக்கொண்டது. அதே ஆளைக் கூப்பிடுங்கள். அதற்குக் காசு கேட்டால் கொடுக்கவேண்டியதில்லை.

ஜன்னல் ஏ.ஸி. வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பின்பக்கம் லேசாகச் சரிந்திருக்கவேண்டும். பின்பக்க ட்ரேயில் தண்ணீர் நிற்பதும், சலசலவென்று சத்தம் வருவதும் பல மாடல்களில் சகஜம். அந்தத் தண்ணீரை ஃபேன் வாரிச் சூடான காயில் மேல் அடித்துக்கொள்ளும். காரிலும் அப்படித்தான். நிறுத்தின காருக்குக் கீழே தண்ணீர் சொட்டினால் நல்லது. முன் சீட்டில் கால் வைக்கிற கார்ப்பெட் நனைந்தால் டிரெயின் அடைப்பு.

"கேஸ் போயிடுச்சு சார்!"

ஏ.ஸி. ஒழுகுகிறது என்றதும் மெக்கானிக் முதலில் சொல்லும் மந்திரம் இது. கேஸ் குறைந்தால் ஐஸ் கட்டும், ஐஸ் உருகினால் ஒழுகும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் ஏ.ஸி. கேஸ் சமையல் கேஸ் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் அடித்தால், ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடித்த கதைதான். அடுத்த கோடையில் மறுபடி அதே பில்!

ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள். "பிரஷர் எவ்வளவு காட்டுது? மீட்டர்ல காட்டுங்க." "லீக் எங்கே இருக்கு?" "ஃபில்டர், டிரெயின் ரெண்டையும் முதல்ல பார்த்தாச்சா?" கோபப்படாமல் கேட்டாலே போதும். வேலை தெரிந்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். குளிர்ச்சி முன்போலவே நன்றாக இருந்து தண்ணீர் மட்டும் சொட்டினால், கேஸ் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. இப்போது வரும் பல ஏ.ஸி.களில் இருப்பது ஆர்-32 கேஸ், சிலவற்றில் ஆர்-290. முன்னது லேசாக, பின்னது நன்றாகவே தீப்பிடிக்கும் குணமுள்ளது. கேஸ் வேலை நடக்கும்போது ஜன்னல் கதவுகள் திறந்திருக்கட்டும். பக்கத்தில் சிகரெட், ஊதுவத்தி, விளக்கு எதுவும் வேண்டாம்.

கறுப்புப் புள்ளியும் ராத்திரி இருமலும்

இனி டாக்டர் சமாசாரத்துக்கு வருவோம். நனைந்த சுவர், பிளைவுட், மெத்தை, ஃபால்ஸ் ஸீலிங்... இவை ஒன்றிரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சைக்காளான் முளைக்க ஆரம்பிக்கும். அதன் விதைகள் தூசியைவிடப் பொடியானவை. காற்றில் மிதந்து நேரே மூக்கிலும் நுரையீரலிலும் போய் உட்காரும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா, மூச்சிரைப்பு, இருமல், அலர்ஜி ஆகியவை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

எல்லோருக்கும் வரும் என்று பயமுறுத்தவில்லை. சிலருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வீஸிங் உள்ள குழந்தை, ஆஸ்துமாக்காரர், தூசி அலர்ஜி உள்ளவர் இவர்களுக்குத் தொல்லை கூடும். புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர், உறுப்பு மாற்று ஆபரேஷன் ஆனவர் போன்று எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குச் சில பூஞ்சைகள் நுரையீரலிலேயே தொற்றாகிவிடும். அப்படிப்பட்டவர் படுக்கும் அறையில் ஒழுகும் ஏ.ஸி.யை ஒரு நாள்கூட விட்டுவைக்கக்கூடாது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள எளிய வழி உண்டு. ஏ.ஸி. போட்டதும் ஊறின துணி மாதிரி நாற்றம் வருகிறதா? அந்த அறையில் படுத்தால் தும்மல், மூக்கடைப்பு, இருமல் வருகிறது. ஊருக்குப் போய் நாலு நாள் தங்கினால் குறைகிறது. திரும்பி வந்தால் மறுபடி ஆரம்பிக்கிறது என்று இருக்கிறதா? இதை அப்படியே தேதியோடு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். "ஏ.ஸி. ஒழுகுது டாக்டர்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? அதேசமயம், வெறும் சில்லென்ற காற்றே சிலருக்கு இருமலைக் கிளப்பும். எது காரணம் என்று டாக்டர்தான் பிரித்துச் சொல்லவேண்டும்.

சுவரைக் கழுவியாயிற்று என்று இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குழந்தை ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசமுடியாமல் திணறினால், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே உள்வாங்கினால், உதடு நீலம் பாரித்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

புள்ளிகளை எப்படிப் போக்குவது? கைத்துண்டு அளவு இடம் என்றால் நீங்களே செய்யலாம். மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் தேய்த்து, துடைத்து, ஃபேன் போட்டு முழுக்கக் காயவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் அந்த அறையில் இருக்கக்கூடாது. 3 அடிக்கு 3 அடியைத் தாண்டிப் பரவியிருந்தால் விஷயம் தெரிந்தவரிடம் விடுங்கள். பிளீச்சிங்கையும் டாய்லெட் கழுவும் ஆஸிடையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். ஒழுகலை நிறுத்தாமல் மேலே பெயிண்ட் அடிப்பதில் பிரயோஜனமில்லை. பூஞ்சை அடுத்த மாதமே எட்டிப் பார்க்கும்.

சிலர் இன்னொரு பயத்தோடு கேட்பார்கள்: "ஏ.ஸி.யால நிமோனியா வந்து செத்துப்போயிடுவாங்களாமே?" அவர்கள் கேள்விப்பட்டது 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்தது. ஓட்டல் ஒன்றில் நடந்த முன்னாள் ராணுவத்தினர் மாநாட்டையொட்டி 200-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 34 பேர் இறந்தார்கள். மறு வருஷம் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் கிருமிக்கு 'லெஜியோனெல்லா' என்று பெயர் வைத்தார்கள். இது பெரிய கட்டடங்களின் கூலிங் டவர், வெந்நீர்க் குழாய் போன்ற இடங்களில் வளர்ந்து, தெறிக்கும் நீர்த்திவலை வழியாகப் பரவுவது. உங்கள் வீட்டு ஸ்பிளிட் ஏ.ஸி. அந்த ரகம் அல்ல. அந்த பயம் உங்களுக்கு வேண்டாம்.

பக்கெட்டில் யார்?

பயப்படவேண்டிய ஆள் வேறு ஒருவர் இருக்கிறார். ஏடிஸ் கொசு! டெங்குவைப் பரப்பும் இந்த அம்மணிக்குச் சாக்கடை பிடிக்காது. சுத்தமான, அசையாத தண்ணீர்தான் வேண்டும். ஏ.ஸி.க்குக் கீழே நீங்கள் வைத்திருக்கும் பக்கெட், அதைவிடத் தோதான பிரசவ ஆஸ்பத்திரி எங்கே கிடைக்கும்? முட்டையிட்டு, புழுவாகி, கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும்.

தினமும் கொட்டிவிடுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை பக்கெட்டின் உள்சுவரை நாரால் தேய்த்துக் கழுவவேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் ட்ரேயையும் மறக்காதீர்கள்.

"தண்ணிக் கஷ்டத்துல இவ்வளவு தண்ணிய வீணாக்கலாமா?" என்று கேட்பது நியாயம். வீடு துடைக்கலாம், டாய்லெட்டில் ஊற்றலாம், குரோட்டன்ஸ் மாதிரி அழகுச் செடிகளுக்கு விடலாம். குடிக்கவோ சமைக்கவோ கூடாது. பார்க்க மினரல் வாட்டர் மாதிரி தெளிவாக இருந்தாலும் காயிலின் தூசி, கிருமி, உலோகத் துணுக்கு எல்லாம் அதில் கலந்திருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் வேண்டாம். அதற்குக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான்.

இப்படிப் பிடித்து வைப்பதில் ஒரு லாபமும் உண்டு. நீங்கள் பாட்டுக்குக் குழாயை வெளியே விட்டால், கீழ்வீட்டு மாமி பால்கனியில் காயப்போட்ட வடாம் நனைந்து, அப்பார்ட்மென்ட் மீட்டிங்கில் உங்கள் பெயர் அடிபடும்!

வருமுன் காக்க

* ஏ.ஸி. தினமும் ஓடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள். எம்.சி.பி.யை இறக்கிவிட்டுத்தான் கழற்றவேண்டும். ஆடாத ஸ்டூல், பிடித்துக்கொள்ள ஓர் ஆள்.

* மாசி கடைசியில், வெயில் ஏறுமுன், ஒரு முழு சர்வீஸ். டிரெயின் ட்ரேயில் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, வெளியே ஓடுகிறதா என்று உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள்.

* 18 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது தப்பு. அதிக நேரம் ஓடும், பில் ஏறும், அவ்வளவுதான். நட்சத்திர முத்திரை பெற்ற ரூம் ஏ.ஸி.கள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படி 2020 ஜனவரி முதல் மத்திய அரசு விதித்திருப்பது சும்மா இல்லை. 24-ல் வைத்து, சீலிங் ஃபேனையும் மெதுவாகச் சுழலவிடுங்கள்.

* நிறுத்துமுன் கால் மணி நேரம் 'ஃபேன்' மட்டும் ஓடட்டும். காயில் காய்ந்துவிடும், நாற்றம் வராது. சில புது ஏ.ஸி.கள் இதைத் தானாகவே செய்துகொள்ளும்.

* ஏ.ஸி. அறையில் ஈரத்துணி உலர்த்தாதீர்கள். அத்தனை ஈரத்தையும் ஏ.ஸி.தான் சுமக்கவேண்டும்.

* ஏ.ஸி.க்கு நேர் கீழே ஸ்விட்ச் போர்டு, குழந்தை கட்டில் இரண்டும் வேண்டாம். புது வீடு கட்டுகிறவர்கள் இதை இப்போதே எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.

* ஃபில்டர் கழுவி, டிரெயின் சுத்தம் செய்தும் ஒழுகினால், மறுபடி மறுபடி ஐஸ் கட்டினால், கருகின வாசனையோ சத்தமோ வந்தால் அதற்கு மேல் கை வைக்காதீர்கள். நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இன்றைக்கே ஐந்து நிமிஷம் ஒதுக்கி, உங்கள் வீட்டு ஏ.ஸி. குழாய் வெளியே எங்கே முடிகிறது என்று போய்ப் பாருங்கள். தண்ணீர் தாராளமாக ஓடுகிறதா? அப்படியானால் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம்!